நான் கழித்துவிட்ட பால்

உங்களுக்கெல்லாம் இப்போது இயந்திரம் இருக்கிறது. ரத்தம் எடுத்த குழாயை ஒரு பக்கம் வைத்தால் மறுபக்கம் காகிதம் வருகிறது. ரத்தத்தில் ஏதாவது கோளாறு தெரிந்தால் அதுவே சிவப்பு எழுத்தில் சொல்கிறது. நீங்கள் அந்தச் சிவப்பை ஒரு விரலால் தட்டி அணைத்துவிட்டு அடுத்த குழாயை வைக்கிறீர்கள். போன வாரம் உங்கள் லேபுக்கு வந்து அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் மூன்று முறை அணைத்தீர்கள். எனக்குக் கோபம் வரவில்லை. நாங்கள் அதே வேலையை இயந்திரமே இல்லாமல் செய்தவர்கள்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் எங்கள் லேப் இருந்தது. இரண்டு அறை, ஒரு ஹால், ஹாலில் ஒரு நீளப் பெஞ்சு. வாசலில் 'அதிநவீன ரத்தப் பரிசோதனை நிலையம்' என்று ஓனர் எழுதி வைத்திருந்தார். அங்கே அதிநவீனமாக இருந்தது அந்தப் பலகை ஒன்றுதான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நான் அங்கே டெக்னீஷியன். ரத்தம் எடுப்பது, சுழற்றுவது, அளப்பது, எழுதுவது, பெஞ்சில் இருப்பவர்களை அதட்டுவது எல்லாம் நானே. கடைசி வேலையில்தான் எனக்கு அதிகத் திறமை.

சர்க்கரை பார்க்க வருகிறவர்கள் அதைப் பரீட்சை மாதிரி நினைத்த காலம் அது. குரோம்பேட்டையிலிருந்து ஒரு வங்கி அதிகாரி வருவார். மூன்று நாள் முன்பிருந்தே சோற்றைக் குறைத்து, பாகற்காயாகத் தின்று, விடியற்காலையில் வேகவேகமாக நடந்து, வெளிறிப்போன முகத்தோடு வந்து கையை நீட்டுவார். ரத்தம் எடுத்த ஐந்தாவது நிமிடம் எதிர்ச் சாரி மெஸ்ஸில் பொங்கல் வடையோடு உட்கார்ந்திருப்பார். எங்கள் மாடி ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரியும். நானும் 'நார்மல்' என்று எழுதி அவரைப் பாஸ் போட்டுவிடுவேன். அவரைப் போல இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். அவர்களைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. வெறும் வயிற்றோடு வந்திருக்கிறேன் என்று யார் சொன்னாலும் பொய் என்று முடிவு கட்டிவிடுவேன்.

ஏழுமலை அப்படித்தான் என்னிடம் மாட்டினார்.

முதல் தடவை அவர் மேடவாக்கத்திலிருந்து சைக்கிளில் வந்தார். முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயது இருக்கும். ஏரித் தண்ணீரில் நெல் போடுகிற குடும்பம். அப்பா சர்க்கரை வியாதியில் கால் அழுகிப் போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. உழைத்த கை, நரம்பு தாம்புக்கயிறு மாதிரி புடைத்து நின்றது. "எங்கப்பனுக்கு வந்தது எனக்கும் வந்துகீதான்னு பாத்துச் சொல்லும்மா" என்றார். வரவில்லை என்று சொன்னேன். அந்த வருடம் அது உண்மை.

அதிலிருந்து ஒவ்வொரு பொங்கலும் கழிந்த வாரத்தில் வந்துவிடுவார். பயந்தவர்களைப் போல ஒழுங்காக வருகிறவர்கள் யாரும் கிடையாது.

பிறகு மேடவாக்கத்தில் வயலெல்லாம் மனையாக ஆரம்பித்தது. ஏழுமலை தன் நிலத்தை விற்றார். அதில் ருசி கண்டு, அடுத்தவர் நிலத்தையும் விற்றுக் கொடுக்கும் வேலையில் இறங்கினார். சைக்கிள் போய் மோட்டார் சைக்கிள் வந்தது, அது போய் வெள்ளைக் கார் வந்தது. நடை என்பது காரிலிருந்து பத்திரப் பதிவு அலுவலகத்தின் வாசல்படி வரை என்று ஆயிற்று. சாப்பாடு மட்டும் ஏர் ஓட்டிய காலத்து அளவிலேயே நின்றது. அதற்கு மேல், மனை பார்க்க வருகிறவர்களோடு மத்தியானப் பிரியாணி, மணிக்கொரு டீ. வயிறு அவருக்கு முன்னால் மாடிப்படி ஏறியது. ஊரே "ஆள் நல்லா தேறிட்டாரு" என்று பாராட்டியது. கழுத்தின் பின்பக்கம் கறுத்துத் தடித்துப் போயிருந்தது. அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்கூடு வைத்துத் தேய்ப்பதாகச் சொன்னார். எலுமிச்சம்பழமும் சேர்த்துத் தேய்க்கச் சொல்லி நான் ஆலோசனை கொடுத்தேன்.

கார் வந்த வருடத்திலிருந்து, அதுவரை அண்ணா என்று கூப்பிட்டவரை நான் சார் என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவரிடம் வந்த மாற்றங்களில் எனக்கு உறைத்தது அது ஒன்றுதான்.

ரத்தத்தைச் சுழற்றினால் சிவப்பு அடியில் தங்கி, மேலே வெளிர் மஞ்சளாகத் தெளிந்த சீரம் நிற்கும். உங்களுக்குத் தெரிந்ததுதான். கார் வந்ததற்கு அடுத்த வருடம் அவருடைய சீரம் கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கி நின்றது. அதற்கடுத்த வருடம் சுத்தமாக வெள்ளை. மூக்குமுட்ட நெய்யும் கறியும் தின்றுவிட்டு வருகிறவர்களுக்குச் சில சமயம் அப்படி இருக்கும். குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

"சாப்பிட்டுட்டுதானே வந்தீங்க சார்?"

"இல்லியேம்மா. நேத்து ராவுக்குத் துன்னதுதான். காலைலேர்ந்து தண்ணிகூடக் குடிக்கல."

"பொய் சொல்லாதீங்க. ரத்தத்துல நெய் மிதக்குது. என்னை ஏமாத்தி உங்களுக்கு என்ன கிடைக்கப் போகுது?"

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கேட்கத் தயாராக இல்லை. நாளைக்கு ஒழுங்காக வரச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் வந்தார். மறுபடியும் பால். திருந்தாத மனிதர் என்று முடிவு செய்து அடுத்த வேலையைப் பார்த்தேன்.

என் திறமையைக் கேளுங்கள். கலங்கிய சீரத்தில் சர்க்கரையை அளந்தால், அந்தக் கலங்கலே மீட்டரில் சேர்ந்துகொண்டு அளவைக் கூட்டிக் காட்டும். அதற்குக் கலங்கலைத் தனியாக அளந்து கழிக்க வேண்டும். பாதி லேப்களில் செய்ய மாட்டார்கள், நான் செய்வேன். அதில் எனக்குப் பெருமை வேறு. ஏழுமலைக்கு வருடா வருடம் அந்தப் பாலைத் துல்லியமாக அளந்து, துல்லியமாகக் கழித்து, மிச்சத்தை 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்தேன். பாலைத் தொட்டியில் கொட்டினேன்.

எண்பதுக்குப் பக்கத்தில் தொடங்கிய அவருடைய எண், வருடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி நூற்றுப் பத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் எங்கள் தாளில் நார்மலுக்கு அச்சடித்திருந்த வேலிக்கு உள்ளேதான் இருந்தது. ஒரு மனிதர் வேலியை நோக்கி நடந்துகொண்டே இருக்கிறார் என்பது ஒரே ஒரு தாளைப் பார்த்தால் தெரியாது. அத்தனை வருடத் தாள்களின் நகலும் என் அலமாரியில்தான் இருந்தன.

சேலையூரில் ஒரு டாக்டரம்மா இருந்தார். என்னைவிட நாலு வயது சின்னவர். ஸ்கூட்டரில் வருவார், போவார். எங்கள் ரிப்போர்ட் பிடிக்கவில்லை என்றால் அதன் மேலேயே சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்புவார். 'இந்த அளவு உண்மையானால் நோயாளி இறந்திருக்க வேண்டும். என் எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். மறுபடி பார்க்கவும்.' இந்த மாதிரி. ஓனருக்கு அவரைக் கண்டால் ஆகாது. எனக்கும்தான். ஆனால் சந்தேகம் வந்தால் அவரைத் தவிர வேறு யாரையும் கேட்கத் தோன்றாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், காலை பதினோரு மணி இருக்கும். ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்த ஒரு நர்சிங் ஹோமிலிருந்து ஒரு ஆள் ரத்தம் எடுத்த குழாயும் சீட்டுமாக ஓடி வந்தான். சீட்டில் ஏழுமலை, மேடவாக்கம் என்று இருந்தது. அமைலேஸ் உடனே வேண்டுமாம். கணையம் வீங்கினால் ரத்தத்தில் ஏறுகிற சமாசாரம் அது. வந்தவனிடம் விசாரித்தேன். முந்தின நாள் ஒரு புது மனைப் பிரிவுக்குப் பூஜை, அங்கே விருந்து. சாயங்காலம் மேல்வயிற்றில் பிடித்த வலி முதுகு வரை துளைக்கிறது. அப்போதிலிருந்து வாந்தி, வாயில் ஒன்றும் நிற்கவில்லை. அல்சர் வெடித்திருக்கும் என்று சர்ஜன் நினைக்கிறார், எக்ஸ்ரே படத்தில் சரியாகத் தெரியவில்லை. அமைலேஸ் நார்மல் என்றால் உடனே வயிற்றைத் திறந்துவிடுவார். ஆபரேஷன் தியேட்டர் தயாராகிறது.

சுழற்றி எடுத்தேன். பாக்கெட்டிலிருந்து ஊற்றிய மாதிரி பால். அளந்தேன். நார்மல்.

ஓனர் பின்னால் நின்றிருந்தார். எங்களுக்கு வருகிற ரத்தத்தில் பாதி அந்த நர்சிங் ஹோமிலிருந்து வருவதுதான். "நார்மல்னா நார்மல்னு எழுதிக் குடும்மா. மீட்டர் பாக்கறது நம்ம வேலை, மத்ததெல்லாம் அவங்க வேலை" என்றார்.

பேனாவை எடுத்தேன். பெயர் எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. பெரிய அறிவு எதுவும் வந்து தடுத்துவிடவில்லை. ஒரு மனிதன் வலியில் துடிக்கிறான், நான் இன்னொரு தடவை அதே பெயருக்குக் கீழே அதே வார்த்தையை எழுதப் போகிறேன் என்பது கொஞ்சம் அசிங்கமாக இருந்தது, அவ்வளவுதான். பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து இவர் வயிற்றில் ஒன்றுமே தங்கவில்லை. இன்றைக்கு எதைத் தின்றுவிட்டு வந்தார்?

கீழே இறங்கி ஓடினேன். மருந்துக் கடையில்தான் போன் இருந்தது, டயலில் பூட்டுப் போட்டு. கடைக்காரர் சாவியைத் தேடி எடுத்துத் திறப்பதற்குள் ஓனரும் படியில் வந்து நின்றுவிட்டார். டாக்டரம்மா எடுத்தார். சொன்னேன்.

"இந்த ஆள் சீரத்தை முன்னாடி பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது, அலமாரித் தாளில் பாலைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. என் முதலாளி படியில் நிற்கிறார். கடையில் மாத்திரை வாங்க வந்த நாலு பேர் நிற்கிறார்கள். முன்னால் பார்த்ததே இல்லை என்றால், இது இன்றைக்குத் திடீரென்று வந்த விஷயம் என்று அவர் நினைத்திருப்பார். விருந்தில் தின்ற நெய் என்றுகூட நினைத்திருப்பார்.

"நாலு வருஷமா இப்படித்தான் இருக்கு."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"சொல்லல டாக்டர். கழிச்சிட்டேன்."

"உங்களை அப்புறம் திட்டறேன்" என்றார். "கொழுப்பு இவ்வளவு இருந்தா அமைலேஸை மறைச்சிடும். சலைன் விட்டு நல்லா நீர்க்கப் பண்ணி மறுபடி பாருங்க. பார்த்துட்டு நீங்களே எடுத்துக்கிட்டு வாங்க. நான் அங்க போறேன்."

சோதனைக்கு ஊற்றுகிற ரீஏஜென்ட் வீணாகிறது என்று ஓனர் முணுமுணுத்தார். ஐந்து மடங்கு நீர்க்கச் செய்து பார்த்தேன், அளவு எகிறியது. பத்து மடங்கில் இன்னும் எகிறியது. பாலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது அத்தனையும் வெளியே வந்தது. ரிப்போர்ட்டையும் மீதிச் சீரத்தையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன்.

சர்ஜன் பச்சை உடுப்பு மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். என்னைப் பார்த்து, எப்போதிலிருந்து லேப்காரர்கள் வைத்தியம் பார்க்கிறார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குள் டாக்டரம்மாவின் ஸ்கூட்டர் வந்துவிட்டது. தாழ்வாரத்தில் இருவரும் ஆங்கிலத்தில் சண்டை போட்டார்கள். தமிழில் போட்டிருந்தால் நோயாளியின் சொந்தக்காரர்களுக்குப் புரிந்திருக்கும். கடைசியில் டாக்டரம்மா என் கையிலிருந்த குழாயைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சர்ஜன் கண்ணுக்கு நேரே பிடித்தார். சர்ஜன் அதைப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றினார்.

வீங்கின கணையத்தோடு வயிற்றைத் திறந்திருந்தால் ஏழுமலை மேஜையிலிருந்து இறங்கியிருப்பாரா என்பது சந்தேகம். பட்டினி போட்டு, சொட்டு மருந்து ஏற்றி, மூன்று வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். சர்ஜன் அன்று சாயங்காலமே, தனக்கு முதலிலிருந்தே கணையத்தின் மேல்தான் சந்தேகம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். எங்கள் ஓனர் பலகையில் 'அவசரப் பரிசோதனைகள் அதித் துல்லியம்' என்று ஒரு வரி சேர்த்தார்.

டாக்டரம்மா சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த மாதம் மாடியேறி வந்து பழைய நகல்களை எல்லாம் கேட்டு வாங்கி, மேஜையில் வரிசையாகப் பரப்பினார். எனக்கு நடந்த பாடம் அதுதான்.

ஏழுமலை உழுதவரைக்கும் தின்ற சர்க்கரையை அவர் தசை வாங்கிச் செலவழித்தது. உட்கார்ந்த பிறகு தசை வாங்க மறுக்கிறது. இன்சுலின் சொன்னால் கேட்பதில்லை. கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரந்து அதட்டிக் கேட்க வைக்கிறது. அப்படி அதட்டுகிற வரைக்கும் காலைச் சர்க்கரை நார்மலாகத்தான் இருக்கும். வழிகிற மிச்சத்தையெல்லாம் ஈரல் கொழுப்பாக்கி ரத்தத்தில் விடுகிறது. பால் என்று நான் பார்த்தது அதைத்தான். அது மிஞ்சிப் போனதால்தான் கணையமும் வீங்கியது. இன்சுலின் மிதமிஞ்சி இருப்பதால்தான் கழுத்து கறுக்கிறது. வருடக்கணக்கில் கத்திக் கத்திக் கணையம் ஓய்ந்துபோகிற அன்றைக்குத்தான் சர்க்கரை ஏறும். இவருக்குக் குடும்ப வாகும் சேர்ந்துகொண்டது. "நம்ம ஊர்ப் பொதுக்கூட்டத்துல தலைவர் வர்ற மாதிரி, சர்க்கரை எல்லாத்துக்கும் கடைசியாத்தான் மேடைக்கு வரும். நீங்க மேடையை மட்டும் பார்த்துட்டு, கூட்டமே இல்லைன்னு எழுதியிருக்கீங்க" என்றார் டாக்டரம்மா.

ஏழுமலை குணமாகி வீட்டுக்கு வந்த பிறகு, சாப்பிட்ட பின் சர்க்கரை எவ்வளவு என்று டாக்டரம்மா பார்த்திருந்தார். இருநூற்று எழுபது. சாப்பிட்ட பின் பார்க்க வேண்டும் என்று அத்தனை வருடத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் வெறும் டெக்னீஷியன், கேட்டதை அளந்து எழுதுவதுதான் என் வேலை, கேட்காததை எழுத எனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

"கழுத்துக்கு எலுமிச்சம்பழம் சொன்னீங்களாமே, அது யார் கேட்டு?" என்றார். தாள்களை அடுக்கி வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அதிலிருந்து நான் சீரத்தின் நிறத்தை எழுதாமல் எந்த ரிப்போர்ட்டையும் வெளியே விட்டதில்லை. பழைய எண்ணையும் பக்கத்தில் எழுதுவேன். சில டாக்டர்கள், தங்களுக்குப் பாடம் எடுப்பதாக ஓனரிடம் புகார் செய்தார்கள். செய்யட்டும். உங்களுக்கும் ஒருநாள் அப்படிப் புகார் வரவில்லை என்றால் நீங்கள் சரியாக வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் சிவப்பில் காட்டுவது உங்கள் அளவைக் கெடுக்க வந்த அழுக்கு என்று நினைக்காதீர்கள். அதைக் கழிக்கலாம், கழிக்கத்தான் வேண்டும். கழித்தது எவ்வளவு என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கழியுங்கள்.

அடுத்த பொங்கல் கழிந்து ஏழுமலை வந்தார். பாதி ஆளாக இளைத்திருந்தார். கூடவே மனைவியும் வந்து ஹாலில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ஏழுமலையை மட்டும் உள்ளே கூப்பிட்டு, நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். வருடக்கணக்காகப் பார்த்தேன், புரியவில்லை, யாரையும் கேட்கவில்லை, தப்பு என்னுடையது என்று. கத்துவார் என்று நினைத்தேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"அதெல்லாம் டாக்டரம்மா சொல்லிட்டாங்கம்மா" என்றார். "நோவு எங்கப்பன் குடுத்துட்டுப் போனது. மேல நானும் வாரி வாரித் துன்னேன். அதுக்கு உன்னை இன்னா சொல்றது. ஆனா அத்தினி பேரு எதிர்ல பொய் சொல்றேன்னு சொன்னே பாரு. அன்னிக்கும் இவ பெஞ்சில குந்திக்கினு இருந்தா. போற வழியில எங்கியோ நீ துன்னுட்டுதான் போனேன்னு இன்னி வரிக்கும் சொல்லிக்கினே கீறா."

வலி, மூன்று வாரப் படுக்கை, ஆயுசுக்கும் மாத்திரை. இதில் எதற்கும் அவர் என்னிடம் கணக்குக் கேட்கவில்லை. நாலு வருடமாக அவருக்கு அடங்காதது அந்த ஒரு வார்த்தை. நானோ அதைச் சொன்ன மறுநிமிடமே மறந்திருந்தேன். மன்னிப்புக்கு எழுதி வைத்த மனப்பாடத்தில்கூட அது இல்லை.

ஹாலுக்கு வந்தேன். ஏழுமலையும் பின்னாலேயே வந்து நின்றார். பெஞ்சில் ஆறு பேர், அவர் மனைவியோடு. நாலு வருடத்துக்கு முன்னால் இவர் வெறும் வயிற்றோடுதான் வந்தார், சாப்பிட்டுவிட்டு வந்தார் என்று நான் சொன்னதுதான் பொய் என்று சத்தமாகச் சொன்னேன். மனைவி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். மற்ற ஐந்து பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஓரத்தில் இருந்த பெரியவர், அதெல்லாம் சரிம்மா, என் ரிப்போர்ட் ரெடியா என்று கேட்டார்.

ஏழுமலை உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினார். இந்தத் தடவை சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கச் சொல்லிச் சீட்டு. ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

அவர் ஹால் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மூணு இட்லின்னு அவகிட்ட சொல்லிக்கீறேன். அஞ்சு துன்னேன். நீ அஞ்சுன்னே எழுதிக்கோ."